புரோட்டீன் பார்: ஓட்டக்காரர் பையிலிருந்து நம்ம கைக்கு

1/ "டாக்டர், ஷேக் கலக்க நேரமில்ல. கடையில விக்கிற புரோட்டீன் பார் போதுமா?" நிறைய பேர் கேக்கறீங்க. பதில் அதோட வரலாற்றிலேயே இருக்கு.

2/ 1983, இங்கிலாந்து. கனடா மாரத்தான் வீரர் பிரையன் மேக்ஸ்வெல், 21-வது மைல் பக்கம் சுத்தமா தெம்பு போய் நின்னுட்டார். தசையில் சேமித்திருந்த சர்க்கரை (கிளைகோஜன்) தீர்ந்துபோச்சு.

3/ அமெரிக்காவில், பின்னாளில் மனைவியான ஜெனிஃபர் பிடல்ஃபுடன் சேர்ந்து பல கலவைகளைச் செய்து பார்த்தார். 1986-ல் 'பவர்பார்' பிறந்தது. ஓடுறவங்களுக்கானது. அதனால மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதிகம். புரதம் சுமார் 10 கிராம்.

4/ ஷேக் கதை வேற. சீஸ் செய்யும்போது பிரியும் தண்ணிதான் வே. அதை வடிகட்டி, புரதத்தை மட்டும் தூளாக்கினாங்க.

5/ பிறகு ஜிம் போறவங்களுக்காக பாரிலும் புரதத்தை ஏத்தினாங்க. ஆனா கட்டியா நிக்கணும், ருசிக்கணும். அதுக்கு சிரப், கொழுப்பு எல்லாம் வேணும். 20 கிராம் புரதத்துக்கு வே ஷேக்கில் (தண்ணியில கலந்தா) சுமார் 100 கலோரி. பாரில் பெரும்பாலும் 200.

6/ பயணத்தில், சாப்பாடு தவறும்போது பார் ஓகே. தினமும் வேணாம். வாங்குமுன் லேபிளில் புரத கிராமை 10-ஆல் பெருக்குங்க. கலோரி அதைத் தாண்டினா, அது மிட்டாய்க்கு நெருங்கிய சொந்தம். சுகர் உள்ளவங்க கட்டாயம் பாருங்க.