ஒளியிழை ரசாயன உணரி

கட்டுமானப் பொருள்களின் சிதைவு கண்ணுக்குப் புலப்படுமுன்னரே, அதற்குக் காரணமான ரசாயன மாற்றத்தைக் கண்ணாடி இழையினுள் செல்லும் ஒளியைக் கொண்டு அறியும் சாதனம் இது.

திருமங்கலம் முதலிய மதுரைச் சமவெளி ஊர்களில் தளத்தின் காரை பெயர்ந்து கம்பி தெரிந்த பிறகே கொத்தனாரை அழைப்பது வழக்கமெனினும், வியாதி பல்லாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். காங்கிரீட்டின் உள்ளீரம் பிஎச் 12.5-க்கு மேற்பட்ட காரத்தன்மையோடு இருக்கும்வரை இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று நிலைத்து நிற்கும். நுண்துளைகளின் வழியே புகும் கரியமில வாயு அக்காரத்தை 9-க்குக் கீழே தணித்தாலும், உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டினாலும், படலம் அழிந்து துரு உண்டாகி, இரும்பைவிடப் பன்மடங்கு இடம்கொள்ளும் அத்துருவே காங்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. பாம்பன் போன்ற கடற்கரையில் குளோரைடே பெரும் பகை. உள்நாட்டில் கரியமில வாயுவும், உவர்நீரில் கலவை போட்ட இடங்களில் குளோரைடுமாக இரண்டுமே பகை.

புதிதாக உடைத்த காங்கிரீட் துண்டின்மீது பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், நலமுள்ள உட்பகுதி செந்தாமரை நிறம் கொள்ள, காரம் இழந்த மேற்பகுதி நிறமற்றே நிற்கும். இதைக் காணக் கட்டடத்தை உடைத்தாக வேண்டும். உடைக்காமலே இத்தகைய நிறமாற்றத்தை உள்ளிருந்து வாசிப்பதே ஒளியிழையின் அருமை. 125 மைக்ரான் தடிப்புள்ள இழையின் நுனியில், காரத்துக்கேற்ப நிறம் மாறும் சாயத்தை நுண்துளைப் படலமொன்றில் பதித்து, திரும்பி வரும் ஒளியில் எந்த நிறம் குறைந்தது என்று பார்க்கிறார்கள். குளோரைடுக்கு லூசிஜெனின் என்னும் ஒளிர்சாயம் பயன்படும்; குளோரைடு மிகுந்தால் அதன் ஒளிர்வு மங்கும். இழையின்மேல் இரும்புப் படலம் பூசும் முறையோ, கம்பிக்கு நேரப்போவதைத் தானே முன்னதாக அனுபவித்துக் காட்டுவதாதலால், எல்லாவற்றினும் நேரிய சாட்சி என்பது எம் அபிப்பிராயம்.

கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ஆகவே 25,000 வோல்ட் மின்தடத்தின் அருகேயும் செய்தி கலங்காது. ஆனால் அக்கண்ணாடியையே காங்கிரீட்டின் காரம் அரிக்கும். சாயமும் நாளடைவில் ஒளிபட்டு வெளுக்கும். அரைநூற்றாண்டு நிற்க வேண்டிய பாலத்தில் பதிப்பதற்கு இவை அற்பமான குறைகள் அல்ல.



சாயம் பதித்த இழை நுனிகளைப் பல ஆழங்களில் பதிப்பது உத்தமம். கரியமில வாயு புகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளருமாதலால், 10 மில்லிமீட்டரிலுள்ள நுனி நான்காம் ஆண்டில் நிறம் மாறினால், 20 மில்லிமீட்டரிலுள்ள கம்பிக்கு ஆபத்து ஏறக்குறைய பதினாறாம் ஆண்டில் வரும் என்று கணிக்கலாம்.