சக்கரத்தில் முகம் தெரிந்த கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த மாணவர் ஒருவர் இப்போது பைபாஸ் ஓரத்தில் கார் வாட்டர் வாஷ் நிலையம் நடத்துகிறார். போன வாரம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். மங்கி வெளுத்துப்போன பழைய அலாய் வீல். டிரில் மெஷினில் பிட்டைக் கழற்றிவிட்டுப் பந்து மாதிரி இருக்கும் ஒரு பஃப்பை மாட்டி, பாலிஷ் களிம்பைத் தடவி ஓட்டுகிறார். ஒவ்வொரு ஆரமாகச் சுற்றி வருகிறார். கடைசியில் சக்கரத்தில் அவர் முகமே தெரிகிறது. "சார், இதுக்கும் ஏதாவது ஹிஸ்டரி இருக்கா?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

இருக்கிறது தம்பி. ஒரு பேரரசனும் இருக்கிறான், ஒரு பெரிய சாவுக் கணக்கும் இருக்கிறது.

வீடியோவில் என் கண் போனது பஃப்பில் ஒட்டியிருந்த கருப்பின் மேல். வெள்ளை வெளேரென்று மின்னும் உலோகத்தைத் தேய்த்தால் ஏன் கருப்பு வருகிறது? நம் வீட்டுப் பெண்களுக்கு இது பழகிய விஷயம். அலுமினியச் சட்டியை (எங்கள் ஊர்ப் பக்கம் இதையும் ஈயச் சட்டி என்றே சொல்வார்கள்) அழுத்தித் தேய்த்தால் கையெல்லாம் கரி பிடித்த மாதிரி ஆகிவிடும். அது கரி இல்லை, அலுமினியமேதான். மிக நுண்ணிய துகளாகிவிட்டால் உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும், அதனால் கருப்பாகத் தெரியும். இந்தக் கருப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனிடம் வர வேண்டியிருக்கிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதைப்போல் வேகமாகக் காற்றோடு சேரும் உலோகங்கள் குறைவு. வெட்டிய கணமே அதன் மேல் ஆக்சைடு தோல் ஒன்று படர்ந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் சில பங்குதான் அந்தத் தோலின் கனம். இரும்பின் துரு உதிர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே உள்ள இரும்பையும் தின்னும். அலுமினியத்தின் தோல் உதிராது, உள்ளே இருப்பதைக் காவல் காக்கும். உப்பும் அமிலமும் சலவைச் சோடாவும் பட்டுப் பட்டு அந்தத் தோல் சொரசொரப்பாகும்போது சக்கரம் மங்குகிறது. பாலிஷ் போடுவது என்றால் அந்தத் தோலையும் கொஞ்சம் உலோகத்தையும் சேர்த்துச் சீவி எடுப்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீவுவதற்குப் பயன்படும் களிம்புகள் பலவற்றில் இருக்கும் தூளும் அலுமினியம் ஆக்சைடுதான். மாணிக்கக் கல்லும் அதே சரக்கு. அலுமினியத்தை அதன் சொந்தத் துருவாலேயே தேய்க்கிறோம்!

இனி பேரரசனுக்கு வருவோம். 1850களில் பிரான்சில் தெவில் என்ற வேதியியலாளர் அலுமினியத்தைக் கட்டிகளாக எடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கட்டிகளைப் பொக்கிஷம் மாதிரி காட்சிக்கு வைத்தார்கள். மூன்றாம் நெப்போலியனுக்கு அதன்மேல் அளவற்ற மோகம். 1856இல் பிறந்த தன் குழந்தைக்கு அலுமினியத்தில் கிலுகிலுப்பை செய்யச் சொன்னார். விருந்தில் முக்கியமானவர்களுக்கு அலுமினியக் கரண்டி, மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டி என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கிலுகிலுப்பை உண்மை.

1884 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சியில் சின்ன அலுமினியக் கூம்பு ஒன்றை வைத்தார்கள். எடை 100 அவுன்ஸ், கிட்டத்தட்ட மூன்று கிலோ. விலை 225 டாலர். ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். தரையில் இருந்த கூம்பை மக்கள் ஒரே தாவாகத் தாண்டினார்கள். "வாஷிங்டன் தூணின் உச்சியையே தாண்டியவன் நான்" என்று ஊரில் சொல்லிக்கொள்ளத்தான்.

அடுத்த இரண்டே ஆண்டில் எல்லாம் தலைகீழாயிற்று. 1886இல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்! பத்தே ஆண்டில் ஒரு பவுண்டு அலுமினியம் ஒரு டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. பேரரசனின் மேசையில் இருந்தது அடுப்படிக்கு வந்துவிட்டது.

நம் அடுப்படிக்கும் அப்போதே வந்தது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியில், இன்றைய கவின் கலைக் கல்லூரியில், பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பித்தளைக்கும் செம்புக்கும் ஈயம் பூச வேண்டும், பூச்சு தேய்ந்தால் களிம்பேறும். அலுமினியத்துக்கு அந்த வேலை இல்லை. 1903இல் அந்தத் தொழிலைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பித்தளையைத் துலக்கும் பழக்கத்தில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தால் அலுமினியம் கறுத்துப்போகும், சாம்பலின் காரம் அந்தத் தோலை அரித்துவிடும். புளி போட்டால் பளிச்சென்று ஆகும், அது அமிலம். எந்தப் புத்தகமும் இல்லாமல் நம் பாட்டிகள் கண்டுபிடித்த வேதியியல் இது.

சக்கரத்துக்கு அலுமினியம் வந்த நாளைக்கூடச் சொல்லலாம். 1924 ஆகஸ்ட் 3, பிரான்சின் லியோன் நகரில் கிராண்ட் பிரீ கார் பந்தயம். எத்தோரே புகாட்டி தன்னுடைய டைப் 35 காரை அங்கேதான் முதன்முதலாக இறக்கினார். அதுவரை பந்தயக் கார்களுக்குக் கம்பி ஆரச் சக்கரம்தான் வழக்கம். புகாட்டி அலுமினியத்தில் எட்டுத் தட்டையான ஆரங்களோடு சக்கரத்தை வார்த்தார். பிரேக் டிரம்மும் அதிலேயே சேர்ந்து வந்தது. அன்றைக்கு அவருக்கு வெற்றி இல்லை, டயர்கள் கிழிந்து காலை வாரிவிட்டன. ஆனால் சக்கரங்கள் நின்றன. இன்று உங்கள் வீட்டுக் காரில் இருக்கும் அலாய் வீலுக்கு (அலுமினியத்தோடு பெரும்பாலும் ஏழு சதவீதம் அளவுக்குச் சிலிக்கான் கலந்திருக்கும்) அந்த எட்டு ஆரச் சக்கரம் கொள்ளுத் தாத்தா. லியோன், ஆகஸ்ட் 3 என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரில்லின் கதை சின்னது. கையில் பிடிக்கும் மின் டிரில் 1895இல் ஜெர்மனியின் ஃபைன் கம்பெனியில் பிறந்தது. தூக்கிப் பிடிக்கவே பலசாலி வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் பிளாக், டெக்கர் என்ற இரண்டு பேர் துப்பாக்கியைப் பார்த்து அதற்குப் பிடியும் விசையும் வைத்தார்கள். 1917இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் டிரில்லை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்று கவனித்த கம்பெனி, போர் முடிந்ததும் வீட்டு உபயோகத்துக்கென்றே மலிவான டிரில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓட்டை போட வந்த சாமான் கொஞ்ச நாளில் தேய்க்கவும் கற்றுக்கொண்டது. (வேட்டி கட்டிக்கொண்டு டிரில்லில் பஃப் ஓட்டாதீர்கள், முனை சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

இப்போது அந்தக் கருப்புக்கு வருவோம்.

சிவகாசிப் பட்டாசில் வெள்ளை வெளிச்சம் எதிலிருந்து வருகிறது? அலுமினியத் தூளிலிருந்து. கட்டியாக இருக்கும் அலுமினியத்தைத் தீக்குச்சியால் ஒன்றும் செய்ய முடியாது. அதையே மாவாக்கிக் காற்றில் பறக்கவிட்டால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கும். ஒரு பொறி போதும். விறகுக் கட்டைக்கும் மரத்தூளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போலத்தான், ஆனால் பல மடங்கு உக்கிரம். எரிய ஒரு பொருள், காற்று, ஒரு பொறி, தூள் காற்றில் மிதப்பது, நான்கு பக்கமும் அடைப்பு. இந்த ஐந்தும் ஒன்றுகூடினால் வெடிக்கும். முதல் வெடிப்பு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். அந்த அதிர்ச்சியில் விட்டத்திலும் குழாய்களின் மேலும் மாதக்கணக்கில் படிந்த தூள் உதிர்ந்து பறக்கும். ஆளைக் கொல்வது இரண்டாவது வெடிப்பு.

2003 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஹன்டிங்டன் ஊரில் கார்களுக்கு அலுமினியச் சக்கரம் வார்க்கும் ஆலையில் அலுமினியத் தூள் வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். அதற்கு முன்பும் அங்கே சின்னச் சின்னத் தீ விபத்துகள் நடந்திருந்தன. இதையும் வேறு சில விபத்துகளையும் பார்த்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், 1980 முதல் 2005 வரை அந்த நாட்டில் நடந்த தூள் வெடிப்புகளையும் தீக்களையும் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டது. 281 சம்பவங்கள், 119 சாவுகள். மாவு, சர்க்கரை, பிளாஸ்டிக், மரம், உலோகம் என எல்லாத் தூளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. சீனாவில் ஷாங்காய்க்குப் பக்கத்தில் இருக்கும் குன்ஷான் நகரம். சோங்ராங் என்ற ஆலை. முலாம் பூசுவதற்கு முன்னால் அலுமினியச் சக்கரங்களை மெருகேற்றும் பட்டறை அங்கே இருந்தது. என் மாணவர் செய்த அதே வேலைதான், நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக நின்று நாள் முழுக்கச் செய்தார்கள். காலை 7.34க்குப் பட்டறை வெடித்தது.

அரசின் விசாரணை அறிக்கை சொன்ன காரணம் ஒரு வாளி அளவுக்குச் சின்னது. தூளை உறிஞ்சிச் சேர்க்கும் கருவியை உரிய காலத்தில் சுத்தம் செய்யவில்லை. தூள் விழும் தொட்டி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே ஈரம் புகுந்தது. ஈரம் பட்ட அலுமினியத் தூள் மெல்ல வினைபுரிந்து சூடேறியது, சூடு தணிய வழியில்லை, கடைசியில் தானாகவே தீப்பிடித்தது. அந்தக் கருவியில் வெடிப்பின் அழுத்தம் வெளியேற வழி வைக்கவில்லை. தூளை உறிஞ்சிய குழாய்கள் வழியாகவே தீ திரும்பி, ஒவ்வொரு தொழிலாளியும் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்? வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். முதல் நாள் செய்திகளில் வந்த எண் 75 என்ற அளவில் இருந்தது. முப்பது நாள் முடிவில் எழுதிய கணக்கு 97. விபத்துச் சாவுக் கணக்கை அங்கே முப்பது நாளில் முடித்துவிடுவது விதி. அந்தக் கெடு முடிந்த பிறகு தீக்காயத்தோடு போராடி மருத்துவமனையில் இறந்தவர்கள் இன்னும 49 பேர். ஆக மொத்தம் 146. இன்றைக்கும் தேடினால் மூன்று எண்களும் கிடைக்கும். மூன்றும் பொய் இல்லை, எண்ணியவர் எந்தத் தேதியில் எண்ணுவதை நிறுத்தினார் என்பதே வித்தியாசம். எந்தப் போரின், எந்தப் பஞ்சத்தின் சாவுக் கணக்கைப் படித்தாலும் எனக்கு இப்போது அந்த 49 பேர் நினைவுக்கு வருகிறார்கள். 2016இல் ஆலை நிர்வாகிகளும் அரசு அதிகாரிகளுமாக 14 பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

லியோன் பந்தயத்திலிருந்து குன்ஷான் வரை 90 ஆண்டு. ஒரே ஒரு நாள் குறைவு.

அப்படியானால் டிரில்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. களிம்பு தடவி நான்கு சக்கரத்துக்குப் பஃப் ஓட்டினால் வருவது சில கிராம் தூள். அதுவும் களிம்பின் பசையில் ஒட்டிக்கொள்ளும், பறக்காது. முதலில் பார்க்க வேண்டியது வேறு: புதுக் கார்களின் சக்கரத்தில் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி லாக்கர் பூச்சு இருக்கும். அதன்மேல் என்ன தேய்த்தாலும் உலோகம் மின்னாது, பூச்சுதான் கெடும். கீறல் ஆழமாக இருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும், வறட்டுத் தேய்ப்பு வேண்டாம்.

கடை வைத்துத் தினமும் செய்கிறவர்களுக்குத்தான் கவலை. மாணவருக்கு போன் போட்டு நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஷட்டரை இறக்கிவிட்டு டிஸ்க் மாட்டி வறட்டுத் தேய்ப்பு கூடாது. படிந்த தூளைப் புளோயர் வைத்து ஊதக் கூடாது, மெதுவாகக் கூட்டி அன்றன்றைக்கே அள்ள வேண்டும். இரும்பைக் கிரைண்டிங் செய்யும் மூலையும் அலுமினிய மூலையும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவையைக் கொளுத்தித்தான் தண்டவாளத்தையே உருக்கி ஒட்டுகிறார்கள். ஈரத் தூளை மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைத்தால் ஹைட்ரஜன் வாயு சேரும். தூளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலை மெல்லப் போட்டு மூட வேண்டும். ஒரு வாளி மணலை வாசலில் வைத்துவிட்டேன் என்று மறுநாளே படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் மண் மேட்டூருக்கு இறங்கி அலுமினியமான கதையைச் சேலம் நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அது ஒரு தனிப் பதிவுக்கு உரியது, அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.