எது பயங்கரவாதம் என்று யார் சொல்வது?

வெண்மணியைப் படுகொலை என்கிறோம், வன்கொடுமை என்கிறோம். பயங்கரவாதம் என்று ஏன் சொல்வதில்லை? சோரியாங்குப்பத்தில் கூடிப் படிக்கும் நம் தம்பி தங்கைகளின் கேள்வி இது.

இந்தச் சொல் பிரான்சில் பிறந்தது. 1793-94இல் அங்கே அரசே நடத்திய கொலையாட்சிக்கு இட்ட பெயர். 1798இல் பிரெஞ்சு அகாதெமியின் அகராதி இணைப்பில் சேர்ந்தபோதும் ஓர் ஆட்சிமுறையைத்தான் குறித்தது. நம் பாகூரை 1954 வரை ஆண்டவர்களின் மொழி அது! அரசைச் சுட்டிய சொல்லைப் பின்னாளில் அரசுகளே தம் எதிரிகளை நோக்கித் திருப்பிக்கொண்டன.

சமூக அறிவியலாளர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. அலெக்ஸ் ஷ்மிட் 1984இல் 109 வரையறைகளைத் திரட்டினார். அவர் வலியுறுத்திய ஒன்று நமக்கு முக்கியம்: கொல்லப்படுபவர் உண்மையான இலக்கு அல்ல, அந்தச் சாவின் வழியே மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பப்படுகிறது.

இதை வெண்மணியில் வைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி பேசியவர்கள், சங்கம் வைத்தவர்கள் எல்லோரும் அவர்கள்தானா? இல்லை. செய்தி கீழத்தஞ்சையின் சேரிகள் அனைத்துக்கும். கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைப்பார்களா என்று ஐயப்பட்டு உயர் நீதிமன்றம் விடுவித்ததே, அந்தத் தீர்ப்பும் ஒரு செய்திதான்.

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டப்பட்டார்கள். தனி ஊராட்சியில் வேட்புமனு போட நினைத்த ஒவ்வொருவருக்குமான மிரட்டல் அது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1967இன் ஊபா சட்டத்தில் பயங்கரவாதம் நுழைந்தது 2004இல்தான். அதன் 15ஆம் பிரிவு, மக்களில் எந்தவொரு பகுதியினரையும் அச்சுறுத்தும் நோக்கில் எரியும் பொருளைப் பயன்படுத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. எழுத்தளவில் ஒரு சேரியை எரிப்பதும் அதில் அடங்கும். ஆனால் அதே சட்டத்தில் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில், சிறைக்குப் போனவர் சாதி வன்முறையைப் பற்றி எழுதிய ஆனந்த் டெல்டும்டே. பிணை கிடைக்க 2022 நவம்பர் ஆயிற்று.

ஆகவே சாதிவெறியர்கள்மீது ஊபா போடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பிணையை எட்டாக்கனியாக்கும் அந்தக் கத்தி யார் கழுத்துக்குத் திரும்பும் என்று நமக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதை ஒழுங்காக நடத்தினாலே போதும். ஆய்வுக்கு இந்தச் சொல் வேண்டும். அடுத்த முறை யாராவது வரையறை சொன்னால், அதற்குள் வெண்மணி வருகிறதா என்று கேளுங்கள்.