மது அறியும் மூச்சுச் சோதனை: வரலாறும் நம்பகத்தன்மையும்

மூச்சுச் சோதனை என்பது ஒருவர் வெளிவிடும் மூச்சில் கலந்துள்ள ஆல்கஹாலை அளந்து, அதிலிருந்து அவரது இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவைக் கணிக்கும் முறையாகும். இதற்கு ஊசி குத்த வேண்டியதில்லை, மருத்துவரும் தேவையில்லை, சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். ஆனால் இக்கருவி இரத்தத்தைத் தொடுவதே இல்லை. மூச்சில் உள்ளதை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, இரத்தத்தில் உள்ளதைச் சொல்கிறது. அமெரிக்காவில் நிலைபெற்ற அந்த எண் 2100 ஆகும். ஒருவர் ஓட்டுநர் உரிமத்தை இழப்பதும் சிறைக்குச் செல்வதும் இந்தப் பெருக்கலைச் சார்ந்து இருந்ததால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற வினா இச்சோதனையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்துள்ளது.

அறிவியல் அடிப்படை

1803-ஆம் ஆண்டு ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி ஒரு விதியை வெளியிட்டார். குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு நீர்மத்தில் கரைந்துள்ள வாயுவின் அளவு, அதன் மேலுள்ள அதே வாயுவின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. மூடிய சோடாப் புட்டியில் நீரிலும் அதன் மேலுள்ள காற்றிலும் வாயு பங்கிடப்பட்டிருப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. நுரையீரலின் காற்று நுண்ணறைகளிலும் இதுவே நிகழ்கிறது. இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலில் ஒரு சிறு பகுதி ஆவியாகி, அங்குள்ள காற்றில் கலந்து, மூச்சுடன் வெளியேறுகிறது.

1874-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஆன்ஸ்டி, அருந்திய மதுவில் சிறிதளவு மூச்சின் வழியே வெளியேறுவதை ஆய்ந்து காட்டினார். 1927-இல் அமெரிக்காவின் எமில் போகன், கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பையில் மூச்சைப் பிடித்து, அதைப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் செலுத்தினார். ஏற்பட்ட நிறமாற்றத்தைக் கொண்டு ஆல்கஹாலின் அளவைக் கணித்தார். 1930-இல் சுவீடனைச் சேர்ந்த லில்யெஸ்ட்ராண்டும் லிண்டேயும், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் ஏறத்தாழ 2 லிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம் என்று அளந்தனர். பிற்கால விகிதங்களுக்கு இதுவே முன்னோடி.

கருவிகளின் தோற்றம்

இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலா ஹார்கர் 1930-களில் 'டிரங்கோமீட்டர்' என்னும் கருவியை உருவாக்கினார். ஓட்டுநர் ஒரு பலூனை ஊதுவார். அந்தக் காற்று, ஊதா நிறமுள்ள பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் மெல்லச் செலுத்தப்படும். எவ்வளவு குறைந்த காற்றில் நிறம் மறைகிறதோ அவ்வளவு அதிக ஆல்கஹால் உள்ளது என்று பொருள். 1938 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக் கொண்டாட்ட இரவில், இண்டியானாபொலிஸ் காவல்துறை இக்கருவியை முதன்முதலாகப் பயன்படுத்தியது.

ஹார்கருடன் பணியாற்றிய இந்தியானா மாநிலக் காவல்துறை அதிகாரி ராபர்ட் போர்க்கன்ஸ்டைன், 1954-இல் 'பிரெத்தலைசர்' கருவியை அமைத்தார். நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வேலையை இதில் ஓர் ஒளிமின்கலம் ஏற்றது. இக்கருவி 52.5 மில்லிலிட்டர் மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதை 2100-ஆல் வகுத்தால் 0.025 மில்லிலிட்டர் கிடைக்கும். அதாவது, சரியாக ஒரு மில்லிலிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு இரத்தத்திற்கு ஈடாக அந்த அளவு அமைக்கப்பட்டிருந்தது. 2100 என்ற எண் இவ்வாறு கருவியின் உடலிலேயே பதிந்துவிட்டது.

இக்கருவி இல்லாமல் மதுவுக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு தெளிவாக நிறுவப்பட்டிருக்காது. 1962, 1963 ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் போர்க்கன்ஸ்டைன் குழுவினர் விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 ஓட்டுநர்களையும், விபத்தில் சிக்காத 7,500-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களையும் ஒப்பிட்டனர். ஆல்கஹால் அளவு கூடக் கூட விபத்து வாய்ப்பு செங்குத்தாக உயர்வதை அந்த ஆய்வு காட்டியது. பல நாடுகள் தம் சட்ட வரம்புகளை வகுக்க அது துணைசெய்தது.

ஓர் எண், பல உடல்கள்

2100 என்பது எல்லா மனிதருக்கும் பொருந்தும் மாறிலி அன்று. வசதிக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட விகிதம். மது முழுவதும் உடலில் சேர்ந்த பிறகு சராசரி விகிதம் 2300 அளவிலோ அதற்கு மேலோ இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அத்தகையோருக்குக் கருவி உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். மாறாக, அப்போதுதான் குடித்து முடித்து மது உடலில் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கை நரம்பில் எடுத்த இரத்தத்தைவிட மூச்சு அதிக அளவைக் காட்டக்கூடும்.

ஒரு கணக்கின் மூலம் இதை விளக்கலாம். சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று கொள்வோம். ஒருவரது இரத்தத்தில் 70 மில்லிகிராம் உள்ளது. அவரது உண்மை விகிதம் 1800. கருவி 2100-ஆல் பெருக்குவதால் ஏறத்தாழ 82 என்று காட்டும். மற்றொருவருக்கு 90 மில்லிகிராம் உள்ளது, விகிதம் 2400. கருவி 79 என்று காட்டும். வரம்புக்குள் இருந்தவர் சிக்குகிறார். வரம்பைத் தாண்டியவர் தப்புகிறார்.

வேறு காரணிகளும் உண்டு. உடல் வெப்பநிலை உயர்ந்தால் அளவு கூடும். மூச்சை அடக்கி ஊதினால் கூடும். வேகவேகமாக மூச்சுவிட்ட பின் ஊதினால் குறையும். சற்று முன் அருந்திய மதுவோ, ஏப்பத்தில் மேலெழுந்த மதுவோ வாயில் தங்கியிருந்தால் அளவு பொய்யாக உயரும். ஆகவேதான் 15 முதல் 20 நிமிடங்கள் வரை காத்திருந்து சோதிப்பதும், இரண்டு முறை ஊதச் செய்து ஒப்பிடுவதும் விதிகளாயின. பழைய அகச்சிவப்புக் கருவிகளில் நீரிழிவு நோயாளிகளின் மூச்சில் வரும் அசிட்டோன் குழப்பம் விளைவிக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. எரிபொருள் மின்கலக் கருவிகள் அசிட்டோனுக்கு வினைபுரிவதில்லை.

சட்டம் கண்ட வழிகள்

பிரிட்டனில் 1967 அக்டோபரில் சாலையோர மூச்சுச் சோதனை நடைமுறைக்கு வந்தபோது, அது முதற்கட்டச் சல்லடையாகவே கருதப்பட்டது. நீதிமன்றத்திற்கு இரத்தமோ சிறுநீரோதான் சான்று. 1983-இல் மூச்சே சான்றாக ஏற்கப்பட்டது. அப்போது 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் என்ற தனி வரம்பு வகுக்கப்பட்டது. இது ஏறத்தாழ 2300 என்ற விகிதத்தைத் தழுவியது. இரண்டு அளவீடுகளில் குறைவானதே கணக்கில் கொள்ளப்பட்டது. அளவு 50-ஐத் தாண்டாதவர்கள் இரத்தச் சோதனை கோரும் உரிமை 2015 வரை இருந்தது.

கலிபோர்னியா 1990-இல் வேறு வழியை நாடியது. 210 லிட்டர் மூச்சில் இத்தனை கிராம் ஆல்கஹால் என்று குற்றத்தையே மூச்சின் அளவில் வரையறுத்தது. அதன்பின் அந்த வரம்பை மீறிய குற்றத்திற்குத் தனி மனிதரின் விகிதம் பொருட்டல்ல என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் கூறியது. மதுவின் தாக்கத்தில் வாகனம் ஓட்டினார் என்ற பொதுக் குற்றச்சாட்டில் மட்டும் விகித வேறுபாட்டை எடுத்துக்காட்டலாம் என 2009-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நியூ ஜெர்சி மாநிலத்தின் படிப்பினை வேறு வகையானது. கருவியின் மென்பொருள் நிரலையும் ஆராய்ந்த பின், அம்மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் அதை நிபந்தனைகளுடன் ஏற்றது. 60 வயதைக் கடந்த பெண்களால் அதிகக் காற்றை ஊத இயலாது என்பதால், அவர்களுக்குக் குறைந்தபட்ச அளவு 1.2 லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஆனால் கருவியைச் சரிபார்க்கும்போது வெப்பமானியால் செய்யவேண்டிய ஒரு சோதனை சில காலம் விடுபட்டது பின்னர் தெரியவந்தது. 2018-இல் அதே நீதிமன்றம், அக்கருவிகளின் முடிவுகள் சான்றாகா என்று தீர்ப்பளித்தது. அதனால் 20,667 சோதனைகள் கேள்விக்குள்ளாயின.

இந்தியாவில்

1971-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் குடிபோதையை உறுதிசெய்யப் போதா என்று கூறியது. அளவீட்டின் தேவையை இத்தீர்ப்பு உணர்த்துகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 1994-இல் திருத்தப்பட்டபடி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஆல்கஹால் மூச்சுக் கருவியால் கண்டறியப்பட்டால் குற்றம் என்கிறது. வரம்பு இரத்தத்தில், அளவீடு மூச்சில் என்பதால், விகிதம் இங்கே சட்டத்தின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளையும் சேர்த்தது. 204-ஆம் பிரிவு இரத்தப் பரிசோதனைக்கு வழி செய்கிறது.

மதிப்பீடு

விதிப்படி நடத்தப்படும் மூச்சுச் சோதனை பெரும்பாலானோருக்கு நம்பத்தக்கது. பிழை நேர்ந்தாலும் பெரும்பாலும் ஓட்டுநருக்குச் சாதகமாகவே அமைகிறது. வரம்பை ஒட்டிய அளவுகளில்தான் ஐயம் வலுக்கிறது. அங்கே நீதி கிடைப்பது காத்திருக்கும் நிமிடங்கள், இரண்டாம் முறை ஊதுதல், முறையான சரிபார்ப்பு, தேவைப்பட்டால் இரத்தச் சோதனை ஆகியவற்றைப் பொறுத்ததாகும்.