காலிக் கோட்டைக்குள் ஒரு வீடு

கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் ஒரே பத்திரிகைக் காரியாலயத்தில் என்னோடு பணியாற்றியவர். "காலிக் கோட்டைக்குள் ஒரு பழைய வீடு வாங்கலாமென்று யோசிக்கிறேன். கார் தேவையில்லை, எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். நீ அந்தப் பக்கம் நெடுகப் போய்வந்தவன், விசாரித்துச் சொல்லு" என்றார். விசாரித்தேன். அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் இங்கு எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கோட்டை என்றால் அகழியும் மதிலும் படையினரும்தான் நினைவுக்கு வரும். அங்கே ஊர் கோட்டைக்கு வெளியே இருந்தது. காலியிலோ கோட்டைக்குள்ளேயே ஊர் இருக்கின்றது. 1588 இல் போர்த்துக்கேயர் அமைத்த சிறு அரணை 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். தீபகற்பம் முழுவதையும் சுற்றி மதில் எழுப்பி, பதினான்கு கொத்தளங்கள் கட்டி, உள்ளே நேர்கோட்டில் வீதிகளை வகுத்தவர்கள் அவர்களே. கடல் வற்றும்போதும் பெருகும்போதும் கழிவு தானாகக் கழுவப்படும் விதத்தில் நிலத்தடிக் கால்வாய்களையும் அமைத்தார்கள். 1796 இல் பிரித்தானியர் வந்தனர். 1988 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

வீதிப் பெயர்களே ஒரு சரித்திரம். கயிறு திரித்த இடம் லெயின் பான் வீதி. பரவர் பெயரால் ஒரு வீதி உண்டு. தமிழுக்கும் காலிக்கும் உள்ள தொடர்பு ஒல்லாந்தருக்கும் முற்பட்டது. 1911 இல் காலி நகரில் ஒரு மதகை மூடிக் கிடந்த கல்லைப் புரட்டியபோது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் எழுத்துகள் காணப்பட்டன. சீனக் கடற்தளபதி செங் ஹ 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்டு நிறுவிய கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. அக்கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. கோட்டைக்குள் இன்றும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. பள்ளிவாசலும், 1892 இல் தொடங்கிய அரபுக் கல்லூரியும், 1755 இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயமும் ஒன்றுக்கொன்று சில நிமிட நடைதூரத்திலேயே இருக்கின்றன.

நான் முதன்முதலில் அங்கு சென்றது இளம் நிருபராக, ஒரு வழக்கு விசாரணையைப் பற்றி எழுதுவதற்கு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் தங்கினேன். வீதியை ஒட்டித் தூண்களோடு கூடிய விறாந்தை, உயர்ந்த கதவு, உள்ளே நீண்ட சாலை, அதற்கப்பால் முற்றமும் கிணறும். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர்கள் நண்பகலிலும் குளிர்ந்திருந்தன. காலையில் அவருடன் நடந்தால் பாண், தபால், நீதிமன்றம், பள்ளிவாசல் எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மாலையில் மதில்மேல் பாதி ஊர் உலாவும். விறாந்தைகளில் இருப்போர் போவோரை அழைத்துச் சுகம் விசாரிப்பர்.

அக்காலத்தில் கோட்டை வீடுகளுக்கு மதிப்பில்லை. கொழும்பில் அலைதடுப்பணை 1885 இல் நிறைவுற்றதும் கப்பல்கள் அங்கு சென்றுவிட்டன. காலித் துறைமுகம் ஓய்ந்தது. ஊர் ஓய்ந்தமையாற்றான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. அவற்றைப் புதுப்பிக்கப் பணமுள்ளவர் எவரும் அங்கு இல்லை.

நிலைமை மாறியது 2002 இன் பின்னர். போர்நிறுத்தம் வந்தது. வெளிநாட்டவர் காணி வாங்கும்போது செலுத்தவேண்டியிருந்த நூறு வீத வரியும் நீக்கப்பட்டது. ஐரோப்பியர் பலர் வந்து வீடுகளை வாங்கினர். 2004 இல் வரி மீண்டும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை காலிப் பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் சூறையாடியபோது, ஒல்லாந்தரின் மதில் உள்ளிருந்தோரைப் பெருமளவில் காத்தது. 2011 இல் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டதும் கொழும்பும் அண்மித்தது.

இனி நண்பரின் விடயம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், சில விலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடைசெய்கின்றது. இலங்கையிற் பிறந்திருந்தாலும், பிரசாவுரிமையை இழந்து இரட்டைப் பிரசாவுரிமை பெறாதவர் வெளிநாட்டவரே. நெருங்கிய உறவினரின் காணி உரித்தாக வருவதற்குத் தடையில்லை. விலைக்கு வாங்கத்தான் முடியாது. நீண்டகாலக் குத்தகைக்கு இடமுண்டு. நண்பர் இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவரல்லர். வாயடைத்துப் போனார். புலம்பெயர்ந்தோர் பலரும் இதனை அறியாமலே முற்பணம் கொடுத்துவிடுகின்றனர்.

உரிமை பெறத் தகுதியுடையோருக்கும் வேலை இலகுவன்று. காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன், உறுதியாக எழுதப்படவேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் அதையே கோருகின்றது. பழைய வீடுகள் பலவற்றின் உறுதியில் பிரிக்கப்படாத பங்குகள் இருக்கும். மூன்று தலைமுறைச் சகோதரர்களும் சகோதரிகளும் ஒப்பமிட வேண்டியிருக்கும். ஒருவர் அவுஸ்திரேலியாவில், ஒருவர் மத்திய கிழக்கில். 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற வாடகைக்காரர் உள்ளே இருந்தால், உறுதி உங்கள் கையிலும் வீடு அவர் கையிலும் இருக்கும். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடாமல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

வாங்கிய பின்னரும் விரும்பியபடி இடித்துக் கட்ட இயலாது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உயரத்துக்கும் முகப்புக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உதிரும். அதைச் சீர்செய்யத் தெரிந்த மேசன்மார் அருகிவிட்டனர்.

இவையெல்லாம் சட்டமும் செலவும். இவற்றைவிட என்னை உறுத்தியது வேறொன்று.

சென்ற முறை நான் சென்றபோது அந்த ஆசிரியரின் வீடு தங்குவிடுதியாக இருந்தது. பிள்ளைகள் பங்கு பிரிக்க முடியாமல் விற்றுவிட்டனர். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒழுகும் கூரையின் கீழ் வறுமையோடு இருந்து பழைமையைக் காத்துத் தாருங்கள் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. விற்ற பணத்தில் ஒரு மகள் படித்தாள், இன்னொருவர் கோட்டைக்கு வெளியே நல்ல வீடு கட்டினார். அடுத்த வீதியில் இன்னும் குடியிருக்கும் அவரது உறவினர் ஒருவர் சொன்னார்: "இப்ப இங்க கோப்பி குடிக்க இருபது இடம் இருக்கு தம்பி. அரிசி பருப்பு வாங்கத்தான் வெளியே போக வேணும்."

நடந்து செல்லக்கூடிய ஊர் என்று நண்பர் விரும்பினாரே, அந்த நடைக்குக் காரணம் குறுகிய வீதிகள் மட்டுமல்ல. பாண் விற்பவரும் ஆசிரியரும் மரைக்காரும் ஒரே மதிலுக்குள் குடியிருந்தமையே காரணம். சுவரையும் தூணையும் காக்கச் சட்டம் இருக்கின்றது. குடியிருப்போரைக் காக்க எந்தத் திணைக்களமும் இல்லை.

நண்பரிடம் கேட்டேன்: "குத்தகைக்கு எடுத்தாலும் வருடத்தில் எத்தனை மாதம் இருப்பாய்?" "இரண்டு" என்றார். "மிச்சம் பத்து மாதம்?" "உல்லாசப் பயணிகளுக்கு விடலாம்." சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவரே, "அப்படியென்றால் நானும் ஒரு வீட்டை மூடுகிறவன்தான், என்ன?" என்றார்.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. குடும்பத்தோடு வந்து நிரந்தரமாகத் தங்குவதாயின் நானே அவருக்காக வீடு தேடுவேன். அப்படி எண்ணுவோர் எவராயினும், விலையைக் கேட்கும் முன்னர் ஓர் இரவு அந்த வீதியில் நடந்து பாருங்கள். எத்தனை வீடுகளில் குடும்பங்கள் விளக்கேற்றியிருக்கின்றன என்று எண்ணுங்கள். உங்கள் விளக்கு அவற்றோடு கூடுமா, குறையுமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.