பொலித்தீனின் வரலாறு

மரம், மண், உலோகம், தந்தம் ஆகியவற்றையே மனிதன் நெடுங்காலம் நம்பி வாழ்ந்தான். 1907 இல் லியோ பேக்லண்ட் என்னும் இரசாயன அறிஞர் பேக்கலைற்றை ஆக்கியதோடு முற்றிலும் செயற்கையான பிளாத்திக்குகளின் காலம் தொடங்கிற்று. எனினும், வறியவர் இல்லத்துள்ளும் எளிதிற் புகுந்தது பொலித்தீனே எனலாம்.

அதன் பிறப்புத் தற்செயலானது. 1933 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வுகூடத்தில் கிப்சன், பௌசெற் என்னும் இருவர், எதிலீன் வாயுவை மிக உயர்ந்த அமுக்கத்தில் மற்றொரு சேர்வையுடன் தாக்கமுறச் செய்ய முயன்றனர். எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. கலத்தினுள் மெழுகு போன்ற வெண்பொருள் சிறிது எஞ்சியிருந்தது. அதனைத் தவறாது ஆக்கும் வழி 1935 இல் தெளிவாயிற்று.

இலேசு, நீர் புகாமை, மின்னைக் கடத்தாமை ஆகிய குணங்களால் அது இரண்டாம் உலகப் போரில் விமான றேடார்க் கருவிகளின் மின்வடங்களுக்கு உறையாயிற்று. போர் ஓய்ந்தபின் வாளியாகவும் போத்தலாகவும் பையாகவும் வீடுகளை அடைந்தது. 1953 இல் கார்ல் சீக்லர், தாழ்ந்த அமுக்கத்திலேயே உறுதிமிக்க பொலித்தீனை ஆக்கும் முறையைக் கண்டார். 1963 இல் நாட்டாவுடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

வடத்தைக் காத்த உக்காமையே பின்னர் நிலத்துக்குச் சுமையாயிற்று. 2017 செப்டெம்பரில் இலங்கை அரசு, சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளைத் தடைசெய்தது. ஆண்டுக்கணக்கில் உழைக்கவல்ல பொருளை ஒரு வேளை உணவுக்குப் பயன்படுத்தி எறிந்ததே பிழை. பொருளின் ஆயுளையும் பயனின் ஆயுளையும் ஒப்புநோக்கித் தெரிதல் அறிவுடைமையாம்.