பரங்கி என்றொரு பெயர்

அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று மேலைநாடுகளில் வாசலுக்கு வாசல் ஒரு காயில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறார்களே, அந்தக் காய்க்குத் தஞ்சாவூரில் பரங்கி என்று பெயர். தூத்துக்குடிக் காய்கறிச் சந்தையில் அதுவே வெறும் பூசணி. போர்ச்சுக்கீசியரைத்தான் தமிழர் முதலில் பரங்கியர் என்றார்கள். அவர்கள் தமிழ் மண்ணில் ஆழக் காலூன்றிய இடம் தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறை. ஆனால் அந்தக் கரையில் அவர்கள் பெயர் காயின்மேல் ஒட்டவில்லை.

பரங்கி என்ற சொல் வெகுதூரம் நடந்து வந்தது. பிரான்சு நாட்டுக்குப் பெயர் தந்த பிராங்க் இனத்தாரில் தொடங்குகிறது அது. சிலுவைப் போர்க் காலத்தில் அரபு மக்கள் மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அந்த ஒரே பெயரால் குறித்தார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி. தமிழ் நாவில் பரங்கி. வல்லின றகரம் இட்டுப் பறங்கி என்று எழுதுவோரும் உண்டு. முத்துக்குளித்துறையின் காயல் துறைமுகத்தில் அரபுக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். அரபு வணிகம் அவ்வளவு பழகியிருந்த கடற்கரையில், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது வந்தவரை அழைக்கப் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

முத்துக்குளிப்பு உரிமைப் பூசலில் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடிய இக்கரையின் பரதவர், 1530களில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் மதம் பரப்பப் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். பெர்னாண்டோ, கோமஸ், ரொட்ரிகோ, மச்சாடோ எல்லாம் இக்கரையின் வீட்டுப் பெயர்களாயின. மதுரையிலோ அதே பரங்கி வசைச்சொல். மாட்டிறைச்சியும் மதுவும் கொள்ளும் கூட்டம் என்ற பொருளில் அது புழங்கியது. 1606இல் மதுரைக்கு மதம் பரப்ப வந்த இராபர்ட் தெ நொபிலி, தமக்கு முன்பே அங்கிருந்த பாதிரியார் மதம் மாற வந்தவரிடம் பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்டுவந்ததை அறிந்து திகைத்தார். தாம் பரங்கி அல்லர் என்று ஊரறியச் சொல்வதே அவருடைய முதல் வேலையாயிற்று. நோய்க்கும் அப்பெயர் போயிற்று: பரங்கிப்புண். அதற்குச் சித்த மருத்துவர் கொடுத்த வேரும் பறங்கிப்பட்டை. மனிதர், நோய், மருந்து எல்லாவற்றின் மேலும் இப்படி ஏறிய வேறொரு சொல் தமிழில் எளிதில் கிடைக்காது.

இனி காய்க்கு வருவோம். மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் கொடி. கொலம்பஸுக்கு முன் இங்கே இல்லை. அதே வழியில் வந்த அன்னாசியும் கொய்யாவும் சொந்தப் பெயரோடு வந்தன, ஏனென்றால் அவற்றுக்கு இங்கே ஒப்பானது இல்லை. பூசணிக்கோ இருந்தது: மேலெல்லாம் வெண்ணீறு படிந்த நீற்றுப்பூசணி. சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் பூசணி என்றால் அந்த வெள்ளைக் காய்தான். பெயர் ஏற்கெனவே கைவசப்பட்டிருந்ததால், வந்த காய்க்கு வந்தவர் பெயரை வைத்தார்கள். நெல்லைச் சீமையில் வெள்ளைக் காய்க்குத் தடியங்காய் என்று தனிப்பெயர் உண்டு. அதனால் பூசணி என்ற சொல் மஞ்சள் காய்க்குக் கிடைத்துவிட்டது. தூத்துக்குடியில் பரங்கிக்காய் என்ற பெயர் இல்லாததற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு. பரங்கியரை மறைக்கவோ மறக்கவோ யாரும் முனையவில்லை. யாழ்ப்பாணத்திலும் மஞ்சள் காய் பூசணி, வெள்ளைக் காய் நீத்துப்பூசணி. அங்கே பறங்கியர் என்பது இன்றும் ஐரோப்பிய வழிவந்த ஒரு சமூகத்தின் பெயர்.

காய்க்கு முகம் வைப்பதும் நமக்குப் புதிதில்லை. சமையலறையில் தடியங்காயாக இருப்பது, கண்ணேறு கழிக்கப் போகும்போது தூத்துக்குடியிலும் திருஷ்டிப் பூசணி ஆகிவிடும். வரைபவர் முதலில் துணியால் நீற்றைத் துடைக்கிறார். துடைக்காவிட்டால் வண்ணம் பிடிக்காது. பிறகு முட்டைக்கண், முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு. ஆயுத பூசையன்று உடைக்கிற காயில் கத்தி படும்: மேலே சின்னதாக ஒரு சதுரம் வெட்டி, குங்குமமும் சில்லறைக் காசும் உள்ளே போட்டு, அதே துண்டால் மூடி, மேலே சூடம் ஏற்றி லாரியையோ கடையையோ சுற்றுவார்கள். மேலைநாட்டுக் காயிலும் காம்போடு மூடி வெட்டுவதுதான் முதல் வேலை. ஆனால் அங்கே விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிடுவார்கள், நெருப்பு உள்ளே இருக்கவேண்டுமே.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்த வழக்கம் டர்னிப் கிழங்கில் தொடங்கியது. குடியேறிகளோடு அமெரிக்கா போய்த்தான் பூசணிக்கு மாறியது. அதற்கு ஆங்கிலத்தில் ஜாக்-ஓ-லேன்டர்ன் என்று பெயர். விளக்கேந்திய ஆள் என்பது பொருள். இரவுக் காவலாளியையும், சதுப்பு நிலத்தில் தானே எரிந்து மறையும் ஒளியையும் முன்பு அச்சொல் குறித்தது. அந்த ஒளிக்குத் தமிழில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் இருக்கிறது. வாய்க்குள் நெருப்பு எரிய வெட்டிவைத்த காயைப் பார்த்தால் நம் சொல்லே இன்னும் பொருந்துகிறது. இன்று பள்ளிகளிலும் நட்சத்திர ஹோட்டல்களிலும் ஹாலோவீன் பூசணி என்று எழுதுகிறார்கள். நான் கொள்ளிவாய்ப் பூசணி என்பேன். தஞ்சாவூர்க்காரர் கொள்ளிவாய்ப் பரங்கி என்று வைத்துக்கொள்ளலாம்.